பன்னிரண்டாவது சம்மதம்

அன்று படிக்கட்டுக்குக் கீழே கூடியவர்கள்: பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு பேர், வக்கீல் லோகேஸ்வரி ஒருவர். ஆக மொத்தம் பதின்மூன்று. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் பதின்மூன்று. செயலாளர் கமலநாதன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் லிப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி அது. அதை இடித்து, வீட்டுக்கு வீடு புதிதாகக் கட்டித் தர ஒரு கம்பெனி முன்வந்திருந்தது. பன்னிரண்டு வீடும் சம்மதித்தால்தான் இடிக்கலாம். ஒன்று மறுத்தாலும் முடியாது. வீட்டுப் பத்திரமான கிராண்டில் யார் பெயரோ, அவருக்குத்தான் புது வீடு.

பதினொரு வீடு சம்மதித்து ஏழு மாதமாயிற்று. பன்னிரண்டாம் வீட்டு இராஜம்மா மட்டும் காரணமே சொல்லாமல் மறுத்துவந்தார். கமலநாதனும் விடவில்லை. அறிவிப்புப் பலகையில் தினமும் சிவப்பு மையில் எழுதி வைத்தார்: ‘சம்மதம் 11. பாக்கி 1 – இராஜம்மா.’

இன்று இராஜம்மாவே இறங்கி வந்திருந்தார்.

“இன்னைக்கு எப்படி மனசு வந்துச்சாம்?” என்றார் முதல் வீட்டு யுகேந்திரன்.

“கம்பெனிக்காரன் தனியா காசு வெட்டியிருப்பான் லா,” என்றாள் ஒன்பதாம் வீட்டுக் குமுதா, இராஜம்மாவின் காதில் விழும்படி. “முட்டி வலியோட ரெண்டு மாடி ஏறி ஏறி நான் செத்தேன். ஏழு மாசம்! மனுஷியா இவங்க?”

இராஜம்மா பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார்.

“மனுஷன்னா எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மாதிரி இருக்கணும்,” என்று குமுதா கமலநாதனிடம் யுகேந்திரனைக் காட்டினாள். “எங்களுக்கு லோன் கிடைக்கலைன்னு இவரு பேருலதான் வீட்டை வாங்கினோம். இருபது வருஷம் கட்டினது நாங்க. எங்க வீட்டுக்காரர் போன பிறகு, நினைச்சிருந்தா இவரு அமுக்கியிருக்கலாம். நான் வாயைத் திறந்து கேட்கலண்ணே. போன வாரம் தானாவே என் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டாரு!”

“தம்பி குடும்பத்துக்குச் செய்யாம வேற யாருக்கும்மா செய்யப் போறேன்?” யுகேந்திரன் விரலில் ஒட்டிய சம்பலை நக்கிக்கொண்டார்.

கமலநாதனுக்குக் கண் கலங்கியது.

“அங்கிள், பக்கம் எல்லாம் சரியான்னு எண்ணிக் கொடுங்க,” என்று வக்கீல் ஒப்பந்தக் கோப்பை நீட்டினார்.

எண்பத்து நான்கு இருக்க வேண்டும். எண்பத்தைந்து இருந்தது.

கூடுதலாக இருந்தது ஒரு கடிதத்தின் நகல். ஏழு மாதத்துக்கு முன் இராஜம்மா யுகேந்திரனுக்கு எழுதியது.

‘தம்பி, குமுதாவின் வீட்டை அவள் பெயருக்கு நீ மாற்றிக் கொடுக்காத வரை என் கையெழுத்து வராது. உனக்கும் புது வீடு கிடைக்காது. இதை அவளிடம் நான் சொல்ல மாட்டேன். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பெரியப்பாவாவது இருக்கட்டும்.’

வக்கீல் அந்தத் தாளை மெல்ல உருவிக்கொண்டார். “இது இதுல இருந்திருக்கக் கூடாது அங்கிள். நீங்க பார்க்கல.”

கமலநாதன் மேசையில் இருந்த கடைசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

“அது யாருக்குண்ணே?” என்றாள் குமுதா.

“இராஜம்மாவுக்கு.”

“நம்மள வதைச்சதுக்கு விருந்தா? பூனைக்குப் போடுங்க லா!”

எல்லோரும் சிரித்தார்கள். யுகேந்திரன்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்.

கமலநாதன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். திரும்பி வந்து, பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். பலகையை அழித்துவிட்டு, ‘சம்மதம் 12. பாக்கி 0’ என்று எழுதினார்.

மேசையில் மிச்சம், ஒன்று.