பத்தாவது ஆள்

2019 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, யாங்கோன். சுதந்திர தின விடுமுறை. காலை ஐந்தே முக்காலுக்குள் வேனில் உதயசூரியனின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

போப்பா மலை ஏறி, அடிவாரத்து முள்ளுக்காட்டில் இரண்டு நாள் கூடாரம் போட்டு, பகான் கோயில்களைப் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். நண்பர்கள் பத்துப் பேர். திட்டம் முழுக்க உதயாவுடையது.

முந்தின நாள் மாலை, சரக்குக் கப்பல் வருகிறதென்று மேனேஜர் அவன் லீவை ரத்து செய்தார். "நான் வரல, நீங்க போங்க" என்று குரூப்பில் போட்டுவிட்டுப் படுத்தான். விடிந்தால், கப்பல் திங்கட்கிழமைதான் வருமாம்.

வீடிருக்கும் இன்சீன் பகுதியில் டாக்சி ஏறியதுமே, வேனில் இருந்த நண்பன் ஜாபருக்குப் போன் போட்டான்.

"நான் வாரேன்டா, வண்டிய நிறுத்தி வை!"

"அடடா, உன் எடத்துல ஆள் ஏத்தியாச்சே."

"யாரை?"

"நீ வராம ஒன்பது பேராயிட்டோம். டிரைவர் கோ மியோ வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டாரு. அப்புறம் அவரே போயி ஒருத்தரக் கொண்டாந்தாரு."

"முன்ன பின்ன தெரியாத ஆளயா?"

"தங்கமான ஆளுடா. காலைக்கு மொஹிங்கா, அதான் மீன் கொழம்பு நூடுல்ஸ், வாங்கி வச்சோம், தொடல. உன்ன மாதிரி பாட்ட மாத்து, ஏசியக் கூட்டுன்னு ஒரு தொந்தரவும் இல்ல." பின்னால் ராதா சிரிப்பது கேட்டது.

உதயா போனை வைத்தான். சந்திக்குச் சந்தி சிவப்பு விளக்கு. ஒரே ராத்திரியில் ஆளை மாற்றிவிட்டு, சிரிப்பு வேறு.

மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதை ஓரம் வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் கேட்டு வைத்திருந்த ஜன்னலோர இருக்கையில், தலையோடு போர்வை மூடி, பெல்ட் போட்டு, குட்டையாக ஓர் உருவம்.

"அண்ணே, அது என்னோட எடம்" என்றான் பர்மிய மொழியில், பணிவாகத்தான். பதில் இல்லை. மறுபடி சொன்னான். அசைவும் இல்லை.

"நாலு மாசமா அலைஞ்சவன் நான்!" என்று ஜாபர் பக்கம் திரும்பினான். "கூடாரத்துக்கு எத்தன கடை ஏறி எறங்கினேன்! இவரு யாருடா, நோகாம வந்து ஜன்னலோரம்..."

"கத்தாத உதயா" என்றாள் ராதா. "அவரா எந்திரிக்க மாட்டாரு."

உதயா போர்வையை இழுத்தான்.

"ஒன்பது பேரு ஒண்ணாப் போனா ஆகாதுன்னு கோ மியோ ஏத்தின கல்லுடா அது" என்றான் ஜாபர். "எறக்கி வச்சிட்டு ஏறு."