பிரேக்கில்தான் கோளாறு

காரோடு ஏரியில் விழுந்து என் மகன் செத்ததற்குப் பிரேக்தான் காரணம். தானாக உயிரை விடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவனாகத்தான் காரை ஏரிக்குள் விட்டான் என்று என் மனைவியின் தம்பி சொல்லித் திரிந்தான். அதனால், மீட்டெடுத்த காருக்குப் புது பிரேக் பூஸ்டர் மாட்டும்போது அவனையும் மெக்கானிக்கிடம் கூட்டிப் போனேன்.

இன்ஜினுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் கையை நுழைத்து, தோல் உரிய, மெக்கானிக் பழையதைக் கழற்றினார்.

"ஐயா, இது நல்லாத்தானே இருக்கு?"

"கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. மச்சான் காதுல விழணும்."

"என் காதுலயும் கோளாறு இல்ல மாமா," என்றான் மச்சான்.

புதியதைப் பூட்டி முடித்த மெக்கானிக், குனிந்தபடியே கத்தினார்.

"உள்ள யாருங்க? ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க, கேபிள் இழுக்குது!"

நாங்கள் மூவருமே வண்டிக்கு முன்னால்தான் நின்றிருந்தோம். நான் போய்க் கதவைத் திறந்தேன். இருக்கையில் யாரும் இல்லை. ஆக்ஸிலேட்டர் மட்டும் தரையோடு அழுந்திக் கிடந்தது.

மச்சான் பின்னால் வந்து நின்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் மண்டியிட்டேன்.

"பிரேக்க மிதிடா," என்றேன். "அப்பா சொல்றேன்ல, மிதிடா."

பிரேக் அசையவில்லை.