மண் தேறிவிட்டது

மூடிப்போன பேட்டரி ஆலை மனையில் நவமணிக்கு அரசாங்கமே வீடு கொடுத்திருந்தது. வாடகை கிடையாது. அங்கே விளையும் கீரையைச் சாப்பிட வேண்டும், வருடந்தோறும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தையோடு தெருவில் நின்றவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மகள் பெனிட்டா அந்தக் கீரையைத் தின்றே வளர்ந்தாள்.

ஒரு காலையில் திட்ட அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தார்.

“மண்ணு தேறிடுச்சும்மா. இங்க பள்ளிக்கூடம் வரப்போகுது.”

நவமணிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. “பாப்பாவை இங்கேயே சேர்த்துடலாமா சார்?”

அவர் பெனிட்டாவைப் பார்க்காமல் சொன்னார். “அவ ரத்தத்துல ஈயம் அதிகமா இருக்கும்மா. சுத்தமான மனைக்குள்ள அப்படிப்பட்டவங்களை விட மாட்டாங்க.”

“அது இந்த மண்ணுல இருந்த ஈயம்தானே?”

“ஆமா” என்று ஒப்புக்கொண்டார். பிறகு, மூடிப்போன சாயப்பட்டறை மனையில் இருக்கும் இன்னொரு வீட்டின் சாவியை நீட்டினார்.

நவமணி மகளை அணைத்துக்கொண்டாள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

“அங்க கீரையை நான் மட்டும் தின்னா போதுமா சார்?”

“பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தாம்மா ஒதுக்குறாங்க. சின்ன உடம்புதான் மண்ணோட விஷத்தைச் சீக்கிரம் இழுக்கும்.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.