சேராத மருந்து

படுக்கை விரிப்பை உதறியபோது மருந்தின் பெயர் பாதி அச்சான நகத்தளவு அலுமினியத் தாள் ஒன்று தரையில் விழுந்தது.

நர்ஸ் ஹெப்சி அதைக் குனிந்து எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நேராக டாக்டரிடம் கொண்டுபோனாள்.

கட்டிலில் கனிமொழி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கணவன் யோபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதய வால்வில் கிருமி தங்கிவிட்டது என்று அவளை இங்கே சேர்த்ததிலிருந்து, லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு அவன் இந்த ஆஸ்பத்திரியிலேயேதான் கிடந்தான். அவன் வழக்கமாக ஏற்றும் பொதட்டூர்பேட்டை லுங்கிக் கட்டுகளை வேறு யாரோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் முதலில் நன்றாகத்தான் இறங்கியது. பிறகு, ஊசி ஒருவேளைகூடத் தவறாமலே, மறுபடி ஏறியது. ஏன் என்று டாக்டர் புவனாவுக்கும் பிடிபடவில்லை.

இப்போது அவர் அந்தத் தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“வெளி மருந்து யாருங்க குடுத்தது?”

“தெரியாதுங்களே. கெட்ட மருந்துங்களா?”

“நல்ல மருந்துதான். இங்க சேராது.”

அவன் முழித்ததைப் பார்த்து டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “ரெண்டு ஊசி போடறோம் இல்லையா? ஒண்ணு கிருமியோட சுவத்தை உடைக்குது. இன்னொண்ணு அந்த ஓட்டை வழியா உள்ள போய்க் கொல்லுது. ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்தாசை. இந்தக் காப்ஸ்யூல் கிருமியைக் கொல்லாது, வளர விடாம நிறுத்தி வைக்கும். ஆனா வளர்ற கிருமியோட சுவத்தைத்தான் அந்த ஊசியால உடைக்க முடியும்.”

யோபு தலையாட்டினான். உள்ளே எல்லாம் குழம்பிக் கிடந்தது. இரண்டு மருந்து சேர்ந்தால் பலம் கூடுமாம். மூன்றாவதும் நல்லதாம், ஆனால் அது வந்து சேர்ந்தால் பலம் குறையுமாம். நல்லது மூன்று ஒன்றாகச் சேர்ந்து எப்படிக் கெட்டதாகும்?

சந்தேகம் முதலில் அவன் அம்மா கிரேஸ்மேல் போனது. கஞ்சி கொண்டுவருகிறவள் அவள் ஒருத்திதான்.

“ஜெபம் பண்ணேன், கஞ்சி குடுத்தேன். வேற ஒண்ணும் தெரியாதுடா எனக்கு,” என்று அவள் அழுதுவிட்டாள். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

கனிமொழியைக் கேட்டான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனிமேல் எதையும் முழுங்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அந்த வாரக் கடைசியில், கண்டம் தாண்டிவிட்டது என்று டாக்டரே சொன்னார். யோபு வராண்டாவுக்குப் போய், யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழப்பம் மட்டும் போகவில்லை.

அங்கேதான் ஹெப்சி அவனிடம் தணிந்த குரலில் சொன்னாள். “நீங்க டீ குடிக்கப் போற நேரமா பாத்து ஒருத்தர் வந்துகினு இருக்காருண்ணா. பெரியவரு. மொட்ட அடிச்சிருக்காரு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருத்தணியில் மொட்டை அடித்த பெரியவரை எங்கே போய்த் தேடுவது? மலையிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் அவன் டீக்கடைக்குப் போகவில்லை. படிக்கட்டு தெரியும்படி வராண்டா கோடியில் நின்றான்.

பார்வையாளர் கூட்டத்தோடு அந்த மொட்டைத்தலையும் ஏறி வந்தது. முகத்தைப் பார்த்து யாரென்று பிடிபடவில்லை. ஒரு தோளைச் சாய்த்து நடக்கும் அந்த நடைதான் காட்டிக்கொடுத்தது.

சிவப்பிரகாசம். கனிமொழியின் அப்பா.

சர்ச்சில் கல்யாணம் நடந்த அன்று, பெண்ணைத் தலைமுழுகிவிட்டதாக ஊர் அறியச் சொன்னவர். அதன்பிறகு அவர்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர். அடர்ந்த நரைமுடியைப் படிய வாராமல் வயலுக்குக்கூடப் போகாதவர்.

யோபுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவருக்கு முன்னால் வார்டுக்குள் நுழைந்து கட்டிலருகே போனான்.

“உங்கப்பாதானா? வெளி மருந்து கூடாதுன்னு மொத நாளே சொன்னாங்களே. உனக்குத் தெரியும்ல?”

“ஆங். தெரியும்.”

“தெரிஞ்சேவா முழுங்கன?”

கனிமொழி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சூடில்லாமல் இருந்தது.

“போன மழையில நைனாவுக்குக் காய்ச்சல் வந்து, பொழச்சது அந்த மாத்திரையிலதானாம். அத நம்பித்தான் எடுத்துனு வராரு. இப்ப நான் வாயிலயே அடக்கினு, அவரு போனதும் துப்பிடறேன்.”

“வேணாம்னு சொல்றதுக்கு என்ன?”

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் முழுங்கற வரைக்கும்தான் நிப்பாரு. முழுங்கனதும் ஒரு வார்த்த பேசாம போயிடுவாரு. மாத்திர வேணாம்னுட்டா அப்பறம் எதுக்கு வருவாரு?”

கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோபுவுக்குத் தெரியவில்லை.

சிவப்பிரகாசம் வாசலில் வந்து நின்றார். வலது கையை மூடி வைத்திருந்தார். மருமகனைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய், அப்படியே திரும்பினார்.

யோபு வேகமாகப் போய் அவர் எதிரில் நின்றான்.

“டாக்டரு மாத்திர வேணாம்னுட்டாங்க மாமா,” என்றான். “நீங்க வாங்க.”