சென்னை மேடம்

கம்பெனி கொடுத்த போன் அடித்ததும் மிஸ்பா அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள்.

கூப்பிடுகிறவர் குத்புதீன். போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். மிஸ்பாவின் சொந்த மாமனார்.

“வணக்கம் சார், சென்னையிலேர்ந்து பேசறேன்” என்றாள். நடுவில் இங்கிலீஷையும் நாலு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மாமனாரிடம் அவள் பேசுவதெல்லாம் சோறு வைக்கட்டுமா மாமா, டீ கொண்டு வரட்டுமா மாமா என்பதோடு சரி. குரல் பிடிபடாது என்று ஒரு குருட்டுத் தைரியம்.

மதுரையில் உள்ள ஒரு கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இணையத்தில் யாராவது ஒரு பொருளைத் தேடினால், நம்ம ஆள் கடையை முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிற வேலை. எஸ்.இ.ஓ. என்பார்கள்.

அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

ஆனால் போடியில் இது யாருக்கும் தெரியாது. நிக்காஹ் பேசும்போதே கம்பத்தில் இருக்கும் அவள் அம்மா அவள் வாயைப் பொத்திவிட்டாள். அது பெரிய வீடு, பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்லை, மூச்சு விடாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். கணவன் மன்சூருக்கு மட்டும் தெரியும். அந்தப் புண்ணியவானும், சொல்லிக்கலாம் சொல்லிக்கலாம் என்றே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

இப்போது மாமனாரே கடைக்கு ஆள் தேடி அதே கம்பெனியில் வந்து நிற்கிறார்.

கம்பெனி காட்டிய ரெண்டு பேரையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். ஒருவர், ஒரே மாசத்தில் உங்களை முதல் இடத்தில் நிறுத்துகிறேன் என்றாராம். அப்போ இப்ப அங்கே நிக்கிற மனுஷனை என்ன செய்வீங்க என்று இவர் கேட்டாராம். போனவர் போனவர்தான்.

குமுளிப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு இந்த வேலையைச் செய்தவர்தான் வேண்டும் என்று குத்புதீன் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். அதைச் செய்தது மிஸ்பா. சென்னை மேடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், எப்படியாவது சமாளி என்று மேனேஜர் கழன்றுகொண்டார்.

பிடிபட்டால் வேலை இன்றோடு சரி.

எங்க கடை ஏன் மேடம் யார் கண்ணுலயும் பட மாட்டேங்குது என்று குத்புதீன் ஆரம்பித்தார்.

மிஸ்பா பயந்து பயந்துதான் தொடங்கினாள். நீங்க எட்டு எம்.எம். போல்டு என்று போட்டிருக்கீங்க சார், அது காயோட பருமனைச் சொல்ற வியாபாரிகள் பேச்சு. கோயம்புத்தூரில் ஒரு அம்மா பாயாசத்துக்கு நல்ல ஏலக்காய் எங்கே கிடைக்கும் என்றுதானே தேடுவாங்க, நாம அதற்குப் பதில் சொல்லணும் என்றாள். சொல்லச் சொல்ல உற்சாகம் பொங்கியது. இங்கிலீஷ் எங்கே போனதென்று தெரியவில்லை.

“காயை வெயில்ல வச்சுப் படம் எடுத்திருக்கீக. பச்சை வெளுத்துப் போச்சு பாருங்க” என்று சொல்லிவிட்டு, ஊர்ப் பேச்சு வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு. ஜன்னலுக்கு வெளியே ஒன்று, போனுக்குள் ஒன்று. இரண்டும் ஒரே குரல். மிஸ்பா போனைத் தலையணைக்கு அடியில் திணித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பாங்கு முடிந்ததும் எடுத்துக் காதில் வைத்தாள்.

“உங்க சென்னையிலயும் டயத்துக்குப் பாங்கு சொல்லிர்றாக, மாஷா அல்லாஹ்” என்றார் குத்புதீன்.

அப்பாடா, மனுஷன் வெள்ளந்தி என்று மிஸ்பாவுக்கு உயிர் வந்தது.

அடுத்து அவர் அவளுடைய சௌகரியங்களை விசாரித்தார். வேலை பார்க்க நல்ல இடம் இருக்கா, வீட்டில் யாரும் தொந்தரவு செய்கிறார்களா என்றார். தப்பித்த சந்தோஷத்தில் அவளும் மனம்விட்டுப் பேசினாள். வீட்டில் எல்லாரும் நல்லவங்க சார். மாமனார் தங்கமானவர். ஆனால் காலையில் அவர் வைக்கிற டிவி நியூஸ் தெருமுனை வரைக்கும் கேட்கும், நான் குளியலறையில் உட்கார்ந்துதான் மீட்டிங் பேசுகிறேன் என்றாள்.

மறுமுனையில் குத்புதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாளையிலருந்து சத்தத்தைக் கொறச்சு வைக்கிறேன் ஆத்தா. நீ வெளிய வந்து உக்காந்து பேசு.”

மிஸ்பா துள்ளி எழுந்தாள். மாமா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் போனில் மாமனாருக்குப் பின்னாலிருந்து மன்சூர் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது.

நீயாச் சொல்லுவேன்னு ஒரு வருசமாப் பார்த்தேன், சொல்லக் காணோம், அதான் கம்பெனிக்கே போன் போட்டேன் என்றார் குத்புதீன். கம்பெனி வழியாகவே வேலையை எடுத்துக்கோ, ஓசியில் வாங்குகிற பழக்கம் நமக்குக் கிடையாது என்றும் சொன்னார்.

எப்போதிருந்து மாமா தெரியும் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டாள்.

“ஒரு கிலோ காய் வாங்கவே மூட்டையை அடிவரைக்கும் துழாவுறவன் நான். மருமகளை விசாரிக்காம எடுப்பேனா? உன் சோலியப் பத்திக் கம்பத்துல பெருமையாச் சொன்னாக. அதைக் கேட்டுத்தான் உன்னையப் பொண்ணு கேட்டே வந்தேன், மேடம்.”