மெரூன் பொட்டு வைத்த நாற்பது

ராணுவத்திலிருந்து திருப்பி அனுப்பிய பிளாஸ்டிக் கவரிலிருந்து மேஜையில் விழுந்த லாக் பீஸ் இரண்டாகப் பிளந்திருந்தது.

ரெனிட்டா பிளவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் இருந்த மெரூன் பொட்டைத்தான் பார்த்தாள்.

ஓசூரில் அந்தச் சின்னக் கம்பெனி ராணுவத் துப்பாக்கிகளுக்கு உதிரி பாகம் செய்கிறது. வெடிக்கும்போது பின்பக்கம் திறந்துகொள்ளாமல் பிடித்து வைப்பது இந்த லாக் பீஸ். இது உடைந்தால் வெடி சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும். அளவு பார்த்து, தேறியதற்குப் பச்சைப் பொட்டு வைப்பது ரெனிட்டாவின் வேலை.

ஆறு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை, லாரி வாசலில் நிற்கும்போது நாற்பது பீஸ் குறைந்தது. சூப்பர்வைசர் தங்கதுரை பழைய மாடலுக்குச் செய்து மீந்துபோன நாற்பதை அள்ளிக்கொண்டு வந்தார்.

"ரெண்டும் அண்ணன் தம்பி துப்பாக்கிதாம்மா. போட்டுப் பாரு, உக்காருதா இல்லியா?"

உட்கார்ந்தது. புது மாடலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், நாற்பதும் டக்கென்று உட்கார்ந்தன. கனம்தான் ஒரு தலைமுடி குறைவு. புது மாடலில் வெடி வேகம் கூடுதல், இது தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சூளகிரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

பச்சை மை காய்ந்து கிடந்தது. கைப்பையில் ஈஸ்டருக்கு வாங்கிய நகப்பூச்சு இருந்தது. அதிலேயே நாற்பதுக்கும் பொட்டு வைத்து அனுப்பிவிட்டாள். அந்த பாட்டில் இன்னும் தீரவில்லை. இன்றும் அவள் நகங்களில் அதே மெரூன்தான்.

இப்போது தங்கதுரை கதவைச் சாத்திவிட்டு, பெயின்ட் அழிக்கிற தின்னரும் பஞ்சும் கொண்டுவந்து வைத்தார்.

"பொட்ட மட்டும் தொடச்சிரும்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மணி பத்தரை.

அவள் தம்பி எட்சன் ராணுவத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுத்தான், கஞ்சப்பயல். எப்போதும் இவள்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். அவர்களுக்குப் புது மாடல் வந்துவிட்டதாம், புதன்கிழமை காலையில் முதல் முறையாகச் சுடப் போகிறார்களாம். உங்க கம்பெனி சாமான் என் கைக்கே வந்துருச்சுக்கா என்று சிரித்தான்.

இன்று புதன்.

அவள் போன் வாசலில், செக்யூரிட்டியின் பெட்டியில் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தால்தான் கொடுப்பார்கள். இப்போதே கெஞ்சிக் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பார்கள். சொன்னால் பொட்டு யார் வைத்தது என்பதும் வெளியே வரும்.

ஆயிரக்கணக்கில் போன சரக்கில் நாற்பதே நாற்பது. அதில் ஒன்று இவன் கைக்கா போய்ச் சேரும்? பட்டாளத்தில் சொன்ன நேரத்துக்கு எது நடந்திருக்கிறது, தள்ளிப் போட்டிருப்பார்கள். மனசுக்கு இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டே பஞ்சை நனைத்தாள்.

பொட்டு ஒரே இழுப்பில் போய்விட்டது. கட்டைவிரல் நகத்தில் இருந்ததும் கூடவே போனது.

உடைந்த பீஸைப் பழைய மாடல் அளவோடு ஒப்பிட்டு, ரிப்போர்ட்டில் சைஸ் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. முதல் ஆளாக வாசலுக்கு ஓடினாள்.

எட்சன் எண்ணிலிருந்து பதினேழு மிஸ்டு கால்.