இரண்டாவது ஜோடி

ஸ்பீக்கர் கடைச் சோபாவில் உட்கார்ந்ததும் அவர் உடம்பு தானாக அமுங்கிப்போனது. நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். காலரில் இன்னும் பஞ்சுத் தூசி.

பக்கத்தில் மனைவி, விருந்துக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"டூ-வே ஸ்பீக்கர்னா ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு பேரு ஐயா," என்றார் கடைக்காரர். "கீழ இருக்கற பெரியவர் கட்டைக் குரலுக்கு. மேல இருக்கற சின்னவர் மெல்லிசான சத்தத்துக்கு. நல்ல பெட்டியா இல்லையான்னு சின்னவர்தான் காட்டிக்கொடுப்பாரு."

அந்தச் சின்னவரோடுதான் அவருக்கு வம்பு.

நாலைந்து வருஷமாக மெல்லிசான சத்தம் எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. சாவி கீழே விழுந்தால் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் சொன்னால், "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?" என்று கிளம்பிவிடுவாள்.

கரகரத்த ஒரு ரேடியோவோடு காலத்தை ஓட்டியவள். இன்னும் பதினோரு நாளில் அவருக்கு ஓய்வு. அதற்குப் பிறகாவது அவள் ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்க வேண்டும். அவளுக்குப் பாம்புக் காது என்பது அவர் நம்பிக்கை.

கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்கும் விலை ஒன்றுதான். தப்பானதை எடுத்துவிட்டால் மிச்சக் காலம் முழுக்க அவள் அல்லவா கேட்டுத் தொலைக்க வேண்டும்?

வழி ஒன்று யோசித்து வைத்திருந்தார். பெட்டியைப் பார்க்கக் கூடாது, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் ஜோடி பாடியது. போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல இருந்தது அவருக்கு. அவள் முகத்தில் அசைவில்லை.

கடைக்காரர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே மேசைக்குப் போனார். "இப்ப ரெண்டாவது," என்று அதே பாட்டை மறுபடி வைத்தார்.

பாதிப் பாட்டில் தூக்கத்தில் கண் சொக்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூடிய கண்ணைத் திறந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இதுதாங்க. அப்படியே தேன் மாதிரி. முதல்ல பாடுனது ஒரே கரகரப்பு."

"பின்ன? அதுகூடத் தெரியாம இருக்க நான் என்ன செவிடா?"

"கல்யாணமாகி இன்னைக்குத்தான் நான் சொன்னதுக்குத் தலையாட்டியிருக்கீங்க. தேதியக் குறிச்சு வைக்கணும்."

அவர் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

பில் போடப் போன கடைக்காரர் சுவிட்சைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயா, மன்னிச்சிருங்க. போன் பேசுற மும்முரத்துல சுவிட்சை மாத்தவே இல்ல. ரெண்டு தடவையும் பாடுனது முதல் ஜோடிதான்."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

கடைக்காரர் இந்த முறை கவனமாகச் சுவிட்சை மாற்றி, நிஜமான இரண்டாவது ஜோடியைப் பாடவிட்டார்.

அவர் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தூக்கத்தில் மூடிய அவர் கண்ணை, பாட்டில் சொக்கியது என்று நினைத்திருக்கிறாள்.

அதே மில்லில், அவருக்கு எதிர்வரிசை மிஷினில், இருபத்தாறு வருஷம் நின்றவள் அவள். அந்த இரைச்சல் அவருடைய காதை மட்டும் பார்த்துத் தின்றிருக்காது என்று இத்தனை நாளும் அவருக்குத் தோன்றவே இல்லை.

பாட்டு முடிவதற்குள் அவள் அவர் பக்கம் சாய்ந்தாள். வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்டாள்.

"உங்களுக்குமா?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.